பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் புனித பேதுரு தேவாலயக் கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கோபுரம் இது? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வட லிங்கன்ஷயரில், ஹம்பர் முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கும் சிறிய ஊர் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர். அங்குள்ள புனித பேதுரு தேவாலயத்தின் கோபுரத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம். இன்று இந்த ஊரின் பெயர் வெளியே தெரிவதற்கு 1981-இல் திறக்கப்பட்ட ஹம்பர் தொங்குபாலம் ஒரு காரணம். பாலத்தின் தென்முனை இந்த ஊர்க் கரையில்தான் இறங்குகிறது. பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஆயிரம் வருஷத்துக் கல்கோபுரத்தைப் பார்க்காமல் திரும்பிவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

அது எவ்வளவு பழையது?

கோபுரம் மூன்று நிலைகளாக உயர்கிறது. கீழ் இரண்டு நிலைகள் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தவை. அதாவது 1066-இல் பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால், ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் கட்டியவை. மூன்றாவது நிலை 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே ஏற்றியது. "கோபுரத்துக்கு என்ன வயசு?" என்று கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு பதில்களால்தான் இந்தக் கோபுரம் கட்டடக் கலை வரலாற்றில் இடம் பிடித்தது.

கல்வெட்டு ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் காலம் எப்படித் தெரிந்தது?

கல்வெட்டு இல்லை. வடக்கே ஜாரோ தேவாலயத்தில் 685 ஏப்ரல் 23 அன்று அர்ச்சிக்கப்பட்டதைச் சொல்லும் கல் இன்றும் இருக்கிறது. ஆனால் அப்படி ஓர் அதிர்ஷ்டம் எல்லாத் தேவாலயத்துக்கும் வாய்க்கவில்லை. பார்ட்டனில் கோபுரமே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியைக் கேட்டவர் தாமஸ் ரிக்மேன்.

ரிக்மேன் (1776–1841) குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். வைத்தியத் தொழிலில் தொடங்கி, தானிய வியாபாரம் பார்த்து, லிவர்பூலில் இன்ஷூரன்ஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மனைவி இறந்த துக்கத்தில் நெடுந்தூரம் நடக்க ஆரம்பித்தார். நடந்துபோகும் வழியில் தென்பட்ட தேவாலயங்களை வரைந்தும் அளந்தும் ஒப்பிட்டும், கட்டடக் கலையைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஆங்கிலேய இடைக்காலத் தேவாலயப் பாணிகளுக்கு நார்மன், ஏர்லி இங்கிலீஷ், டெக்கரேட்டட், பெர்ப்பெண்டிகுலர் என்று இன்றும் வழங்கும் பெயர்களை நிலைக்கவைத்தவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் அரைவட்ட வளைவு எங்கே இருந்தாலும் அதைச் "சாக்சன்" என்று சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. அப்படிச் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மையில் நார்மன் வேலை. அப்படியானால் உண்மையான சாக்சன் வேலை எது? ஒன்றாவது மிச்சமிருக்கிறதா? இதற்கு அன்று யாரிடமும் உறுதியான பதில் இல்லை.

பார்ட்டன் கோபுரத்தில் பதில் கிடைத்தது. அதன் மேல்நிலை தொடக்க நார்மன் காலத்து வேலை. கீழ் இரண்டு நிலைகளோ வேறு கையின் வேலை. சுவரில் ஓடும் கல்பட்டைகள், முக்கோணத் தலை ஜன்னல்கள், குட்டையான, நடுவில் பருத்த தூண்கள் என்று எதுவுமே மேல்நிலையோடு ஒட்டவில்லை. மேல்மாடியைக் கட்டிவிட்டுக் கீழ்மாடியை யாரும் கட்ட முடியாது. மேலே இருப்பது நார்மன் வருகையை ஒட்டியது என்றால், கீழே இருப்பது அதற்கு முந்தியதாகத்தான் இருக்க முடியும். ஆவணம் எதுவும் தேவைப்படாமல், ஒரு கொத்தனாருக்குச் சட்டென்று புரிகிற நியாயம் இது. ரிக்மேன் இதைச் சொன்ன பிறகு, கீழ்நிலையில் கண்ட அடையாளங்களை வைத்துக்கொண்டு மற்ற ஊர்க் கோபுரங்களையும் அடையாளம் காண முடிந்தது. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி பல பூட்டுகளைத் திறந்தது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1066-இல் அரசன் மாறினான். ஆனால் கொத்தனார்கள் மறுநாளே கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பழைய முறையில் பழகியவர்கள் அதற்குப் பிறகும் சில பத்தாண்டுகள் அப்படியே கட்டினார்கள். அதனால் "இந்த அடையாளம் இருக்கிறது, எனவே 1066-க்கு முன்" என்று ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சுவரில் நீள நீளமாக ஓடும் கல்பட்டைகள் எதற்கு?

கோபுரத்தைப் பார்த்த உடனே கண்ணில் படுவது இந்தப் பட்டைகள்தான். சுவரிலிருந்து கொஞ்சமே துருத்திக்கொண்டு, ஒடுக்கமாக, செங்குத்தாகப் போகின்றன. கீழ்நிலைச் சுவரில் இவை இரண்டு வரிசை. கீழ் வரிசையில் பட்டைகளின் தலைகளை அரைவட்ட வளைவுகள் இணைக்கின்றன. மேல் வரிசையில் வளைவுக்குப் பதிலாக, இரண்டு கல்லைச் சாய்த்து முட்டவைத்த முக்கோணங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மேல் வரிசைப் பட்டைகள் எங்கிருந்து கிளம்புகின்றன? கீழ்ப் பட்டைகளின் நேர்மேலே இருந்து என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். தூணுக்கு மேல் தூண் வைப்பதுதானே முறை? இங்கே அப்படி இல்லை. கீழ் வளைவின் உச்சியில், சரியாக நடுமுதுகில், மேல்பட்டை கால் ஊன்றி நிற்கிறது. உண்மையிலேயே பாரம் தாங்கும் தூணாக இருந்தால் எந்தக் கொத்தனாரும் அதை அங்கே நிறுத்த மாட்டான். பாரத்தைத் தாங்குவது பின்னால் உள்ள தடித்த சுவர். பட்டைகள் அதன் மேல் போட்ட கோலம் மாதிரி.

சரி, அந்தக் கோலம் எங்கிருந்து வந்தது? மரச்சட்டம் போட்டுக் கட்டும் வீடுகளின் சாயலைக் கல்லில் கொண்டுவந்தார்கள் என்பது ஒரு கருத்து. அன்றைய இங்கிலாந்தில் வீடுகள் மட்டுமல்ல, பிரபுக்களின் கூடங்களும் பெரும்பாலும் மரம்தான். அதனால் கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பாவில் ஜெர்மனி, வட இத்தாலிப் பக்கத்துத் தேவாலயங்களிலும் இப்படிப்பட்ட பட்டைகள் உண்டு, அங்கிருந்து வந்த பாணி இது என்பது இன்னொரு கருத்து. பாணி வெளியிலிருந்து வந்திருக்கலாம், அதை மரத்தச்சனின் கண்ணோடு இங்கே வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாய்த்து முட்டவைத்த அந்த முக்கோணங்களைப் பார்க்கும்போதெல்லாம் கூரையின் கைமரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

பட்டைகளுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. இடையில் உள்ள சுவர் ஒழுங்கில்லாத உடைகற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பியது. அந்தப் பரப்பு வெறுமனே தெரிவதற்காகக் கட்டியதல்ல. மேலே பூச்சு உண்டு. பட்டைகள் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பூச்சு நிற்க விளிம்பாகவும் இருந்தன. புதிதாகக் கட்டியபோது வெளிறிய பூச்சின் மேல் கல்பட்டைகள் எடுப்பாகத் தெரிந்திருக்கும். இன்று நமக்குப் பிடித்திருக்கும் பழுப்பேறிய முரட்டு அழகை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் கட்டவில்லை.

மூலைக்கற்கள் ஏன் ஒன்று நெட்டையாகவும் ஒன்று தட்டையாகவும் இருக்கின்றன?

இது சாக்சன் கொத்தனாரின் கையெழுத்து. மூலையில் முதலில் ஒரு நீளக் கல்லைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். அதன் தலையில் ஒரு பலகைக் கல்லைப் படுக்கவைப்பார்கள். மறுபடி ஒரு நெட்டைக் கல், மறுபடி ஒரு படுக்கைக் கல். இப்படியே உச்சி வரை போகும்.

நெட்டைக் கல் மட்டும் இருந்தால் மூலை சுவரைவிட்டுப் பிரிந்து வெளியே சாயும். படுக்கைக் கல் சுவருக்குள் ஆழமாகப் போய் மூலையைப் பிடித்துக்கொள்கிறது. உடைகல் சுவருக்கு மூலைதான் பலவீனமான இடம் என்பது தெரிந்து செய்த வேலை இது. நார்மன்கள் வந்த பிறகு ஏறத்தாழ ஒரே அளவில் செதுக்கிய கற்களை மாற்றி மாற்றி அடுக்கி மூலை கட்டுவது வழக்கமானது. இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

ஜன்னல் நடுவில் நிற்கும் பீப்பாய் மாதிரித் தூண் என்ன?

எனக்கு இந்தக் கோபுரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சாக்சன் கோபுர ஜன்னல்கள் பெரும்பாலும் இரட்டை ஜன்னல்கள். இரண்டு திறப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு குட்டைத் தூண். கடைசல் பிடித்த கட்டில்கால் மாதிரி நடுவில் பருத்து, ஓரங்களில் வளையம் வளையமாக இருக்கும். அது சுவரின் முகப்பில் நிற்காமல், சுவரின் தடிமனுக்கு நடுவில் நிற்கும். அதன் தலையில் உள்ளேயும் வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளக் கல், மேலே உள்ள முழுத் தடிமனையும் ஏந்தும். ஒல்லியான ஒரு தூண் அவ்வளவு தடித்த சுவரைத் தாங்குவது இந்தக் கல்லின் உபயத்தால்தான்.

கடைசல் பிடித்த மாதிரி என்று உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் வடக்கே மங்க்வேர்மவுத்தில் உண்மையிலேயே கல்லைக் கடைசலில் ஏற்றித் தூண் செய்திருக்கிறார்கள். அந்த மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்கப், ரோமானிய முறையில் கல்லால் தேவாலயம் கட்டுவதற்காகக் கால் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸிலிருந்து, கொத்தர்களை அழைத்துவந்தார் என்று ஆங்கிலேய வரலாற்றை எழுதிய பீட் துறவி எழுதிவைத்திருக்கிறார். மூன்று நூற்றாண்டு கழித்தும் அந்த வடிவத்தின் மேல் சாக்சன்களுக்கு ஆசை விடவில்லை.

பார்ட்டனில் கீழ்நிலையின் இரட்டை ஜன்னல்களுக்கு வட்டத் தலை. இரண்டாம் நிலையில் உள்ள மணி ஜன்னல்களுக்கு முக்கோணத் தலை. மேல்நிலையில் மறுபடி வட்டத் தலை, ஆனால் அது நார்மன் கை. கீழிருந்து மேலே கண்ணை ஓட்டினால் கை மாறுவது தெரியும்.

சாக்சன் ஜன்னல்களில் இன்னொரு விசேஷம். பல இடங்களில் சுவரின் நடுவில் துளை மிகக் குறுகலாக இருக்கும். அங்கிருந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் விரிந்துகொண்டே போகும். உடுக்கையைப் படுக்கவைத்த மாதிரி. நார்மன் ஜன்னல்கள் பெரும்பாலும் உள்பக்கம் மட்டும் விரியும். பார்ட்டன் கோபுரத்துக்கு மேற்கே ஒட்டியிருக்கும் சிறிய அறையில் வட்ட வடிவிலேயே ஜன்னல்கள் இருக்கின்றன. அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வாசல் வட்டமாகவும் இன்னொன்று முக்கோணமாகவும் ஏன்?

தெற்கு வாசலுக்கு வட்டத் தலை, வடக்கு வாசலுக்கு முக்கோணத் தலை. வளைவு கட்டத் தெரியாதவர்கள் முக்கோணம் வைத்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஒரே கோபுரத்தில், ஒரே காலத்தில், இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். வளைவுக்குச் சாரம் கட்டி, மர அச்சு வைத்து, கற்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முக்கோணத்துக்கு இரண்டு நல்ல பலகைக் கல் போதும். ஆனாலும் வேலை மிச்சம் என்பதால் மட்டும் வைத்ததாகத் தெரியவில்லை. பட்டைகளில் கீழே வட்டம், மேலே முக்கோணம் என்று மாற்றி வைத்தவர்களுக்கு அந்த மாற்றமே பிடித்திருந்தது.

கோபுரத்துக்குள் வழிபாடு நடந்ததா? கோபுரம் மணிக்காகத்தானே?

இங்கே கோபுரம்தான் தேவாலயம். இதைச் சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இப்போது கோபுரத்துக்குக் கிழக்கே பெரிய தேவாலயம் ஒன்று ஒட்டி நிற்கிறது. ஆனால் முதலில் கட்டியபோது மூன்று சிறிய பகுதிகள் மட்டும் வரிசையாக இருந்தன. நடுவில் கோபுரம். அதன் தரைத்தளத்தில் மக்கள் நின்று வழிபட்டார்கள். கிழக்கே பீடம் இருந்த சின்ன அறை. மேற்கே ஞானஸ்நான அறை. அங்கே தொட்டிக்குப் போட்ட அடித்தளம் அகழாய்வில் கிடைத்தது. மேற்கு அறை இன்றும் நிற்கிறது. கிழக்கு அறையைப் பின்னால் இடித்துவிட்டார்கள். அதன் அளவும் அமைப்பும் தரையைத் தோண்டியபோதுதான் தெளிவாகத் தெரிந்தன.

எத்தனை பேர் உள்ளே நிற்க முடியும்? மிகக் கொஞ்சம் பேர். ஊர் முழுக்க வந்து கூடும் இடமாக இதை நினைக்க முடியாது. ஒரு பெரிய வீட்டுக்காரரின் குடும்பமும் அவரைச் சார்ந்தவர்களும் என்றால் பொருந்துகிறது.

அப்படியானால் கட்டியவர் யார்?

பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேயச் சட்டக் குறிப்பு ஒன்று, சாதாரணக் குடியானவன் எப்போது "தெய்ன்" என்ற பிரபு நிலைக்கு உயர்கிறான் என்று கணக்குச் சொல்கிறது. சொந்தமாக ஐந்து ஹைடு (அந்தக் கால நில அளவு) நிலம் வேண்டும். கூடவே மணிக்கூண்டும் கோட்டை வாசலும் வேண்டும். மணிக்கூண்டு வைத்திருப்பது அந்தஸ்தின் அடையாளம். பார்ட்டன் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பிரபு வளாகம் இருந்திருப்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், உயரமான கல்கோபுரம் யாருக்கு எதைக் காட்ட எழுந்தது என்று புரிகிறது. 1086-இல் நார்மன்கள் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் பார்ட்டனுக்குத் தேவாலயம், குருவானவர், சந்தை, ஹம்பரைக் கடக்கும் படகுத்துறை எல்லாம் இருக்கின்றன. காசு புழங்கிய ஊர்.

உள்ளே ஒரு கல்முகம் இருக்கிறதாமே?

ஆமாம். கோபுரத்தின் கிழக்கு வளைவுக்கு மேலே பதித்த ஒரு பலகைக் கல்லில் முகம் மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. கழுத்துக்குக் கீழே வெறும் கல். பார்த்தவுடன் பாதியில் விட்டுவிட்ட வேலை மாதிரி இருக்கும். உடல் பகுதி வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். முகம் கிறிஸ்துவுடையது என்று கொள்கிறார்கள். பீடத்தை நோக்கிப் போகும் வளைவின் உச்சியில், நின்று வழிபடுகிறவர்களுக்குத் தலைக்கு மேலே அந்த முகம் இருந்திருக்கிறது. வண்ணம் அழிந்து, செதுக்கிய முகம் மட்டும் மிச்சம். அதை மனதில் முழு உருவமாக்கிப் பார்த்தால், இன்று வெறுமையாகத் தெரியும் உட்சுவர்கள் அன்று எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் வரும்.

தேவாலயத்துக்குள் எலும்புகள் வைத்திருப்பது உண்மையா?

உண்மைதான். இதைப் பரபரப்புச் செய்தியாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் மறைக்கவும் ஒன்றுமில்லை.

அருகிலேயே, கூப்பிடு தூரத்தில், புனித மரியாள் தேவாலயமும் இருக்கிறது. இரண்டையும் பராமரிக்க ஊரால் முடியவில்லை. 1970-களில் புனித பேதுரு தேவாலயம் வழக்கமான வழிபாட்டிலிருந்து விலகி அரசுப் பாதுகாப்புக்கு வந்தது. அதனால் முழுமையாக ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது. 1978 முதல் 1984 வரை தொல்லியலாளர் வார்விக் ராட்வெல் தலைமையில் உள்ளேயும் சுற்றிலும் அகழாய்வு நடந்தது. சுமார் 2,800 பேருடைய எலும்புகள் கிடைத்தன. சாக்சன் காலத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரே ஊரில் புதைக்கப்பட்டவர்கள். தரை ஈரமாக இருந்த இடங்களில் சாக்சன் காலத்து ஓக் மரச் சவப்பெட்டிகள்கூட மக்காமல் இருந்தன.

ஒரே ஊர் மக்களின் உடல்நிலையை இத்தனை நூற்றாண்டுக்குத் தொடர்ந்து பார்க்க முடிவது அபூர்வம். மூட்டுநோய் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த எலும்புகள் பெரிதும் பயன்பட்டன. பிறகு அவற்றைத் தொலைதூர அருங்காட்சியகக் கிடங்கில் வைக்காமல் அதே தேவாலயத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, மரியாதையாகத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

இதே மாதிரி வேறு கோபுரங்கள் உண்டா?

உண்டு. முதலில் போக வேண்டியது நார்தாம்டன்ஷயரில் உள்ள ஏர்ல்ஸ் பார்ட்டன். ஊர்ப் பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கே கல்பட்டைகள் இன்னும் நெருக்கம். நான்கு நிலைகளிலும் ஏறுகின்றன. உச்சியில் இரண்டு திறப்புக்குப் பதில் ஐந்து திறப்புகள் வரிசையாக, நடுவில் அதே பீப்பாய்த் தூண்கள். அதற்கும் மேலே இருக்கும் பல்வரிசைக் கைப்பிடிச்சுவர் 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. சாக்சன் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 1972-இல் பிரிட்டன் வெளியிட்ட கிராமத் தேவாலயங்கள் தபால்தலை வரிசையில் 4 பென்ஸ் தபால்தலையில் இருப்பது இந்தக் கோபுரம்தான். அழகைக் கேட்டால் ஏர்ல்ஸ் பார்ட்டன். காலத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்டால் ஹம்பர் கரைப் பார்ட்டன்.

கேம்பிரிட்ஜுக்குப் போகிறவர்கள் புனித பெனட் தேவாலயக் கோபுரத்தைப் பாருங்கள். அந்த நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களிலேயே பழையது அதுதான். நெட்டையும் தட்டையுமான மூலைக்கல் நன்றாகத் தெரியும். சசெக்ஸில் சோம்ப்டிங் கோபுரத்தின் கூரை அமைப்பு இங்கிலாந்தின் மற்ற சாக்சன் கோபுரங்களில் பார்க்கக் கிடைக்காத மாதிரி. நான்கு பக்கமும் முக்கோணமாக எழுந்து ஒரே கூம்பில் முடியும்.

மீன்முள் மாதிரிச் சாய்த்து அடுக்கிய கல் இருந்தால் சாக்சன்தானே?

அவ்வளவு சுலபமில்லை. அந்த அடுக்கு முறை ரோமானியர் காலத்திலும் உண்டு, நார்மன் காலத்திலும் நிறைய உண்டு. அது மட்டும் போதாது. நெட்டை-தட்டை மூலை, நடுச்சுவரில் பீப்பாய்த் தூண், உடுக்கை ஜன்னல், முக்கோணத் தலை, கல்பட்டை ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து கிடைத்தால் நம்பலாம்.

நேரில் போனால் எங்கே நின்று பார்ப்பது?

தெற்கே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும் நேரமாக இருந்தால் நல்லது. பட்டைகள் துருத்துவது கொஞ்சம்தான் என்பதால், உச்சி வெயிலிலோ மேகமூட்டத்திலோ தட்டையாகிவிடும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றும் நிழல் போட்டுத் தனியாகத் தெரியும். முதலில் மேல்நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே இருக்கும் கோட்டைக் கண்டுபிடியுங்கள். ரிக்மேன் பார்த்த கோடு அது. பிறகு கண்ணை மெல்லக் கீழே இறக்கி, மேல்பட்டை கீழ் வளைவின் உச்சியில் கால் ஊன்றும் இடத்தைத் தேடுங்கள். அப்புறம் மூலைக்குப் போய் நெட்டை, தட்டை, நெட்டை என்று எண்ணுங்கள்.

தேவாலயம் இப்போது, பழைய நினைவுச் சின்னங்களைப் பேணும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே போவதற்கான நாட்களும் நேரமும் மாறும் என்பதால், அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிழக்கு வளைவின் மேலே உள்ள முகத்தைப் பார்க்க ஒரு சின்ன டார்ச் கையில் இருந்தால் உதவும்.